எழுத்து ஓடும் அந்த ஒரு நிமிஷம்

பொழுது சாய்கிற வேளையில் ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டித் தெருக்களில் நடந்து போகிறவர்களுக்கு, தறிச் சத்தத்தோடு கலந்து மற்றொரு சத்தமும் வீட்டுக்கு வீடு கூடவே வரும். அது தொலைக்காட்சி நாடகங்களின் முகப்புப் பாட்டு. தறியில் உட்கார்ந்திருப்பவருடைய கண் இழையை விட்டு அகலக் கூடாதாகையால், அவர் நாடகத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். பாட்டு எழும்பியவுடன், “எழுத்துப் போட்டுட்டாங்களா?” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்கும், “இப்பத்தான் போடுறாங்க, வாங்கத்தே” என்று மருமகள் பதில் சொல்வாள். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை, திரையில் பெயர்கள் ஓடுவதை ‘எழுத்துப் போடுவது’ என்று சொன்ன பேச்சு, கொட்டகைகள் மறைந்த பின்னும், வீட்டுக்குள் வந்துவிட்ட சின்னத் திரைக்காக இன்னும் பிழைத்திருக்கிறது.

திரையோடு இந்த ஊருக்குள்ள பந்தம் பழையது. 1984-ஆம் ஆண்டுத் தேர்தலில், நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்தது இந்தத் தொகுதியில்தான். 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் ஜெயலலிதாவைச் சட்டசபைக்கு அனுப்பியதும் இதே தொகுதிதான். அந்த 2006-ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த தி.மு.க. தன் வாக்குறுதிப்படி 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை மாநிலமெங்கும் வழங்கத் தொடங்கியபோது, அதுவரை அடுத்த வீட்டு ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களும் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கும் நிலை வந்தது. அப்படி வந்த பெட்டியில் தினந்தோறும் தவறாமல் திரும்பத் திரும்ப வருவது கதையன்று. கதை நாளுக்கு நாள் மாறும். மாறாமல் வருவது முகப்பு ஒன்றுதான். ஆகையால் ஒரு நாடகம் தன் காலத்துச் சமுதாயத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அறிய விரும்புகிறவர், அதன் நூற்றுக்கணக்கான பகுதிகளில் தேடுவதற்கு முன்னால், அந்த ஒரு நிமிஷத்தை ஊன்றிப் பார்ப்பது நல்லது.

முகப்பு என்பது வீட்டு வாசற்படியைப் போன்றது. யாரை உள்ளே அழைக்கிறார்கள், யாரைத் திண்ணையோடு நிறுத்துகிறார்கள், யாரைத் தெருவிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் உள்ளே போய் விசாரிக்காமலே வாசலில் தெரிந்துவிடும். நம்முடைய தமிழ்த் தொடர்களில் பெரும்பாலானவற்றின் முகப்பில் குத்துவிளக்கு எரியும்; கோலம் இருக்கும்; மஞ்சள் கயிறோ, குங்குமமோ, பூஜையறையோ வரும்; பெரிய வீட்டுக் கூடத்தில் கூட்டுக் குடும்பம் வரிசையாக நின்று சிரிக்கும். 2002-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொண்டால், அதன் பெயரே மணமான பெண்ணின் கால்விரல் அணிகலன். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கவலையை அவ்வளவு உண்மையாகச் சொன்ன கதை வேறு அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். அந்தச் சிறப்பில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால் மெட்டி அணியாத பெண்களும் இதே தமிழை வீட்டில் பேசுகிறார்கள். அதே நாடகத்தைப் பார்த்து அதே இடத்தில் கண் கலங்குகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கைச் சற்று நினைத்துப் பாருங்கள். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழும் ராவுத்தர் குடும்பங்கள் உண்டு. உத்தமபாளையத்தில் 1956-இல் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்து முன்னேறியிருக்கிறார்கள். இராயப்பன்பட்டி போன்ற கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசி, வெளியே இந்தப் பக்கத்துத் தமிழைப் பிறரைவிட அழுத்தமாகப் பேசுகிற குடியானவர்கள் உண்டு. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு இறங்கி வருகிற கூலிப் பெண்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்டவர்களென்று ஒதுக்கப்பட்ட ஜனங்கள். அவர்களுக்கெல்லாம் மேலே, வருஷநாட்டு மலையிலும் மேகமலைச் சரிவுகளிலும் பளியர் என்னும் பழங்குடியினர் இருக்கிறார்கள். இத்தனை பேருடைய வீட்டிலும் மாலையில் அதே முகப்புப் பாட்டுத்தான் ஒலிக்கிறது. கருகமணி அணிந்த ஒரு முஸ்லிம் தாயின் கழுத்தை, குடும்பத்தின் பிம்பமாக, அந்த முகப்பில் தினமும் பார்க்கும் வாய்ப்பு எத்தனை தமிழ்க் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கிறது? யாரோ கெட்ட எண்ணத்தோடு அவர்களை விலக்கிவைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பழக்கத்தினால் நேர்ந்த விலக்கு அது. பழக்கம் செய்கிற விலக்கு, பகை செய்கிற விலக்கைவிட நீண்ட நாள் நிற்கக்கூடியது. ஏனெனில் அதை எதிர்த்து வாதாடுவதற்கு எதிரே ஆள் இருப்பதில்லை.

முகப்பில் படம் ஒரு பாதிதான். மறு பாதி, பெயர்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாடு செய்த ஒரு காரியம் இந்தியாவின் பிற பகுதிகளில் அபூர்வம். அதை நாம் தினமும் பார்த்தும் கவனிக்காமல் இருக்கிறோம். பேசும் படம் தொடங்கிய 1930-களின் தமிழ்த் திரையுலகில் முதலியார், பிள்ளை, ஐயர், ஐயங்கார் என்கிற ஜாதிப் பட்டங்கள் மனிதர்களின் பெயரோடு சர்வ சாதாரணமாக ஒட்டிக்கொண்டிருந்தன. தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்பட்ட பம்மல் சம்பந்த முதலியாரை அந்த முழுப் பெயரால்தான் இன்றும் குறிப்பிடுகிறோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த மாநாட்டுப் பந்தலில் விழுந்த விதை, நாடகக் கொட்டகைகளிலும் கட்சி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் மெல்ல வேர் பிடித்து, அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ வெளிவந்த 1949-க்கும் கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’ வெளிவந்த 1952-க்கும் பிறகு வந்த ஓரிரு தலைமுறைக்குள், தமிழ்ப் படத்தின் எழுத்துத் திரையிலிருந்து ஜாதிப் பட்டங்களைப் பெரும்பாலும் உதிர்த்தே விட்டது. வடநாட்டுத் தொடரின் முகப்பில் ஓடும் பெயர்களையும் நம் தொடரின் முகப்பில் ஓடும் பெயர்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தகப்பனாரின் முதலெழுத்து, அல்லது ஊர்ப் பெயர், அதன்பின் சொந்தப் பெயர், அவ்வளவுதான். சட்டம் எதுவும் இதைக் கட்டளையிடவில்லை. பட்டத்தைப் போட்டுக்கொள்ள வெட்கப்படும் மனப்பான்மை ஒன்று நம்மிடையே உண்டாயிற்று. அந்த வெட்கம் நமக்குப் பெருமை.

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா, தம் படங்களின் தொடக்கத்தில் தம் சொந்தக் குரலாலேயே தமிழ் மக்களை விளித்துப் பேசுகிற சம்பிரதாயத்தை உண்டாக்கியவர். அந்தக் குரலும் ஒரு முகப்புத்தான். கேட்கிறவர் எந்த ஜாதி, எந்த மதம் என்று வகை பிரிக்காமல், எல்லாரையும் ஒரே விளிப்பில் உள்ளே அழைத்துவிடுகிற முகப்பு. அவர் 1987-இல் எடுத்த ‘வேதம் புதிது’ படத்தில், சத்யராஜ் நடித்த பாலுத் தேவரைப் பார்த்து ஒரு பிராமணச் சிறுவன், பாலு என்பது உங்கள் பெயர் சரி, தேவர் என்பது நீங்கள் படித்து வாங்கிய பட்டமா என்று கேட்கும் இடம், தமிழ்நாட்டில் படம் பார்க்கிற வழக்கமுள்ள எவரும் மறந்திருக்க முடியாதது. பெயரின் பின்னொட்டை எழுத்துத் திரை கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், ஊருக்குள் அது உயிரோடு இருந்ததனால்தான் அந்தக் கேள்விக்கு அத்தனை வேகம் கிடைத்தது.

ஆனால் இந்த நல்ல வழக்கத்துக்குள்ளேயே ஒரு மறைப்பும் இருக்கிறது. பட்டம் இல்லாத பெயர், யாரையும் உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டுவதில்லை. அதே காரணத்தினால், யார் அந்தப் பட்டியலில் இடம் பெறவேயில்லை என்பதையும் அது காட்டுவதில்லை. நூறு பெயர்கள் ஓடுகின்றன. எல்லாம் சமமாகத் தோன்றுகின்றன. அந்த நூறில் ஓர் அருந்ததியர், ஓர் இருளர், ஒரு பளியர் உண்டா என்று கேட்டால், எழுத்துத் திரையிலிருந்து பதில் கிடைக்காது. சமத்துவம் எழுத்தில் வந்துவிட்டதனால் தொழிலிலும் வந்துவிட்டதாக நாம் நிம்மதி அடைந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

தூர்தர்ஷன் ஒன்றே எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்த காலத்தில், ஹிந்தித் தொடர்கள் சில, முகப்பை இன்னும் துணிச்சலாகக் கையாண்டன. 1986-இல் குந்தன் ஷாவும் சயீத் மிர்ஸாவும் சேர்ந்து இயக்கிய ‘நுக்கட்’ தொடரின் முகப்புப் பாட்டு, பெரிய நகரத்துச் சந்து ஒன்றின் முனையைத்தான் கதாநாயகனாக அறிமுகம் செய்தது. அந்த முனையில் சைக்கிள் பழுதுபார்க்கிறவனும், மின்சார வேலை செய்கிறவனும், குடிகாரனும், பிச்சைக்காரனும், டீக்கடை வைத்த காதர் பாயும் இருந்தார்கள். காதர் பாய் முஸ்லிம் என்பது அந்தத் தொடரில் ஒரு பிரச்சினையாக எழுப்பப்படுவதற்கு முன்பே, அவருடைய கடை எல்லாரும் கூடும் இடமாக நம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

1988 ஜனவரியில் ஒளிபரப்பான கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ வேறு விதம். பீஷ்ம சஹானியின் நாவலை ஆதாரமாகக் கொண்டு, தேசப் பிரிவினைக் காலத்துப் பஞ்சாபின் கலவரத்தைச் சொன்ன தொடர் அது. அதன் முகப்பில் எழுத்து ஓடும்போது கேட்கிற குரல், பாட்டு என்று சொல்லத்தக்கதன்று. கடவுளைக் கூவி அழைக்கிற ஓர் ஓலம். அந்த ஓலம் ஹிந்துவினுடையதா, முஸ்லிமினுடையதா, சீக்கியருடையதா என்று கேட்கிறவரால் பிரித்துச் சொல்ல முடியாது. இசையமைத்த வன்ராஜ் பாட்டியா அப்படிப் பிரிக்க முடியாத ஒரு விளிப்பைத் தேர்ந்துகொண்டதில்தான் அந்த முகப்பின் முழு அர்த்தமும் அடங்கியிருக்கிறது. அவருக்கு அந்த இசைக்காகத் தேசிய விருதும் கிடைத்தது. ஓலம் அடங்கியபின் வரும் முதல் காட்சியில், தோல் பதனிடும் ஜாதியைச் சேர்ந்த நத்து என்பவன் (ஓம் பூரி நடித்தது) ஒரு பன்றியைக் கொல்லப் படாத பாடுபடுகிறான். யாரோ ஒரு பெரிய மனிதர் கூலி கொடுத்து ஏவிய வேலை அது. எதற்கென்று அவனுக்குத் தெரியாது. மறுநாள் அந்தப் பன்றி மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. மூன்று மதத்தவருக்கும் பொதுவான ஓலத்தை முதலில் கேட்டுவிட்ட காரணத்தினால், அதன்பின் நடக்கிற எந்தக் கொடுமையையும் ஒரு பக்கத்தார் கணக்கில் மட்டும் எழுதிவிட நம் மனம் ஒப்புவதில்லை. இந்தத் தொடரை நிறுத்த வேண்டுமென்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடரை நேரில் பார்த்துவிட்டு ஒளிபரப்பலாம் என்றார்கள். சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நார்மன் லியர் என்னும் தயாரிப்பாளர் 1971-இல் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரின் முகப்பில், ஆர்ச்சி பங்கர் என்கிற வெள்ளைக்காரத் தொழிலாளியும் அவன் மனைவியும் பியானோ முன் உட்கார்ந்து, அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று ஏங்கிப் பாடுவார்கள். கறுப்பர்களும் பிறரும் ‘தத்தம் இடத்தில்’ இருந்த காலத்துக்கான ஏக்கம் அது என்பது கேட்கிறவருக்குத் தானே விளங்கும். அவன் அண்டை வீட்டுக் கறுப்பினக் குடும்பத்தைத் தனியே எடுத்து 1975-இல் தொடங்கிய ‘தி ஜெஃபர்சன்ஸ்’ தொடரின் முகப்பில், கணவனும் மனைவியும் பழைய பேட்டையை விட்டு, நியூயார்க்கின் செல்வர்கள் வாழும் மாடிக் கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்து போவார்கள். பின்னணியில் தேவாலயக் கோஷ்டி கானத்தின் உற்சாகம் பொங்கும். இதற்கு முந்திய ஆண்டு வந்த ‘குட் டைம்ஸ்’ தொடரோ சிகாகோவின் காப்ரினி–கிரீன் என்னும் ஏழைகளுக்கான அரசாங்கக் குடியிருப்பை முகப்பிலேயே காட்டியது. எர்னி பார்ன்ஸ் என்கிற கறுப்பின ஓவியர் தீட்டிய நடனக் கூடத்துச் சித்திரத்தையும் அதன் எழுத்துகளுக்குப் பின்னே வைத்தது. கறுப்பர்களைக் கேலிச் சித்திரமாகவே வரைந்து பழகிய ஒரு நாட்டில், அவர்கள் தங்களையே வரைந்துகொண்டது லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அந்த வழியாகத்தான் போயிற்று. ‘குட் டைம்ஸ்’ தொடரில் ஏழைகளின் அண்டை வீட்டுக்காரியாக நடித்த ஜானெட் துபாயே ‘ஜெஃபர்சன்ஸ்’ முகப்பின் ஏற்றப் பாட்டைச் சேர்ந்து எழுதிப் பாடியவர் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இவை எல்லாவற்றிலும் என்னை ஆழமாகப் பாதித்தது 2013-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்’ முகப்பு. பெண்கள் சிறை பற்றிய கதை. எழுத்து ஓடும்போது நடிகைகளின் முகங்கள் வருவதில்லை. உண்மையிலேயே சிறையிலிருந்து மீண்ட பெண்களின் முகங்கள் வருகின்றன, அதுவும் முழு முகமாக இல்லாமல், மிக அருகே போய்ப் பிடித்த கண்ணாகவோ உதடாகவோ மட்டும். ஒரு கண்ணிமையோரத்துச் சுருக்கம், ஒரு பல்லின் இடைவெளி, தோலில் ஒரு தழும்பு. கறுப்பு, வெளுப்பு, பழுப்பு என்று நிறம் மாறிக்கொண்டே போகிறது. படமெடுத்தபோது அந்தப் பெண்களிடம் மூன்று விஷயங்களை நினைத்துக்கொள்ளச் சொன்னார்களாம்: மனத்துக்கு அமைதி தரும் ஓர் இடம், தங்களைச் சிரிக்கவைக்கும் ஒரு மனிதர், மறந்துவிட நினைக்கும் ஒரு சம்பவம். திரையில் நாம் பார்ப்பது அந்த நினைவுகள் முகத்தின் மீது போகும் கணத்தை. குற்றவாளி என்ற ஒரே பெயரில் கூட்டமாகப் பார்த்துப் பழகிய மனிதர்களை, கதை தொடங்குவதற்குள்ளேயே தனித்தனி மனுஷிகளாக நம் எதிரே நிறுத்திவிடுகிற வித்தை, நீண்ட சொற்பொழிவுகளால் ஆகாதது.

தமிழில் அத்தகைய தொடக்கங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. தினசரித் தொடர்களில் அல்ல, திரைப்படங்களில். த.செ.ஞானவேல் இயக்கி 2021-இல் இணையம் வழியே வீடுகளுக்கு வந்த ‘ஜெய் பீம்’, சிறைவாசலில் தொடங்குகிறது. விடுதலையாகி வெளியே வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, என்ன ஜாதி என்று கேட்கிறார்கள். பதிலைப் பொறுத்து ஒருவன் வீட்டுக்குப் போகிறான், இன்னொருவன் ஓரமாக ஒதுக்கப்பட்டு, தீராத வழக்குகளின் கணக்கை முடிக்கக் காத்திருக்கும் போலீஸாரின் வண்டியில் ஏற்றப்படுகிறான். நம் எழுத்துத் திரை பெயரிலிருந்து எதை நீக்கிற்றோ அதையே அந்தக் காட்சி வாய்விட்டுக் கேட்கவைக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’, நடுச்சாலையில் வலிப்பு வந்து துடிக்கும் ஒரு சிறுமியை மேலிருந்து பார்ப்பதில் தொடங்குகிறது. இரு பக்கமும் வண்டிகள் நிற்காமல் போகின்றன. பஸ் நிற்காத ஊரின் பிள்ளை அவள். இறந்தவள் தெய்வ முகம் தரித்துக் காட்டுப்பேச்சியாகப் படம் முழுவதும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொடக்கத்தில் ஒலிக்கும் பாட்டைப் பாடியவர்களில் ஒருவர், திருவிழா மேடைகளில் பாடி வளர்ந்த கிடாக்குழி மாரியம்மாள். கிராமியக் கலைஞர்களை ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிற வழக்கம் நெடுநாள் இருந்த இடத்தில், அவருடைய பெயர் ஊர்ப் பெயரோடு தனித்து வந்ததை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

நம் மலையடிவாரத்தின் கதை 2018 ஆகஸ்டில் வந்தது: லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. பண்ணைப்புரத்து இளையராஜா இசை. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி என்னும் கூலிக்காரன், சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்பட்டு, கடைசியில் காற்றாலைக்குக் காவல்காரனாகிற கதை அது. அந்தப் படத்தில் வருகிற முகங்களில் மிகப் பல, மலைப்பாதையில் உண்மையாகவே நடக்கிறவர்களின் முகங்கள். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத உள்ளூர் ஜனங்கள் தங்கள் நடையையும் பேச்சையும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். மேகமலையின் பசுமையை ஜோடிகள் ஆடிப்பாடும் திரைச்சீலையாக மட்டும் பயன்படுத்திய எத்தனையோ படப்பிடிப்புகளைக் கண்ட இந்த ஜில்லாவுக்கு, அந்தப் பசுமைக்குள்ளே தலையில் மூட்டையோடு நடக்கும் மனிதனை நடுநாயகமாக வைத்த படம் ஒன்று கிடைத்தது.

இப்போது இந்த ஒரு நிமிஷமே சுருங்கி வருகிறது. இணையத் திரையில் 2017 முதல் முகப்பைத் தாண்டிப் போவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். தினசரித் தொடர்களில் விளம்பரத்துக்கு இடம் வேண்டி முகப்புப் பாட்டைச் சில விநாடிகளாக வெட்டுகிறார்கள். திரைப்படத்திலோ, முன்னால் ஓடிய எழுத்துகளில் பெரும் பகுதி பின்னால் போய்விட்டது. தொலைக்காட்சியில் படம் முடிந்த கணமே அந்தப் பின்பகுதியை நறுக்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள். சிறு வேஷம் கட்டிய உள்ளூர்க்காரர்கள், பறையடித்தவர்கள், கோரஸ் பாடிய பெண்கள், அவர்களைக் கூட்டிவந்த ஊர்களின் பெயர்கள், எல்லாம் இருப்பது அந்தப் பின்பகுதியில்தான். ஏலமலையில் ஒரு காட்சியில் வந்துபோன கிழவரின் பேரப்பிள்ளைகள் கோம்பையிலோ தேவாரத்திலோ உட்கார்ந்து, தாத்தாவின் பெயர் வருமென்று காத்திருக்கும்போது, பெயர் வருவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிடுவது நியாயமா? அந்த எழுத்துகள் முழுவதும் ஓடி முடியும்வரை ஒளிபரப்புவது என்று சானல்காரர்கள் ஒரு விதி செய்துகொள்ளலாம். அதற்கு ஆகிற நேரம் மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் இராது.